முன்னாடி போயி படம் புடிக்கிறவன் ஆரு?

எங்கப்பா டிவியில் விரும்பிப் பார்ப்பது இரண்டே விஷயம். ஒன்று, மழை வருமா வராதா என்று சொல்லும் வானிலைச் செய்தி. இன்னொன்று, டிஸ்கவரி தமிழில் ஓடும், காட்டில் பிழைத்துக் காட்டும் ‘மேன் வெர்சஸ் வைல்ட்’. அதை நடத்தும் பிரிட்டிஷ்காரர் பியர் கிரில்ஸ் செத்த மரத்தின் பட்டையை உரித்து, உள்ளே நெளியும் புழுவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அந்தக் கரகர டப்பிங் குரலில் புரோட்டீன் கணக்குச் சொல்ல ஆரம்பித்தால் அப்பாவுக்குச் சிரிப்பு தாங்காது. “ஈசலைப் புடிச்சு வறுத்துப் பொரியோட தின்னவங்கதான் நாமளும். பச்சையாத் திங்கோணும்னு இவனுக்கு என்றா அவசரம்?”

ஒருநாள் ராத்திரி கிரில்ஸ் செங்குத்தான பாறை ஒன்றில் தொற்றி ஏறிக்கொண்டிருந்தார். தன்னந்தனியாக மாட்டிக்கொண்டதாகவும் கை நழுவினால் கதை முடிந்தது என்றும் பேச்சு. பாறை விளிம்பில் முதலில் விரல்கள் தெரிந்தன. அப்புறம் வியர்வை வழியும் முகம். அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டார்.

“ஏன்றா, தனியா மாட்டிக்கிட்டேங்கறான். அப்ப இவனுக்கு முன்னாடியே மேல போயி உக்காந்து படம் புடிக்கிறவன் ஆரு?”

“அது கேமராமேனுங்கப்பா.”

“அவனுக்கு ஆரு புழு புடிச்சுக் குடுக்கறது?”

நான் 14 வருடமாகக் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன். கேமரா எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்பதுதான் என் சோறு. எனக்கே தோன்றாத கேள்வி அது. காட்டில் பிழைக்கும் ரியாலிட்டி ஷோக்களில் எது நிஜம், எது பொய் என்று அதற்கப்புறம் எத்தனையோ படித்துவிட்டேன், பார்த்துவிட்டேன். அப்பாவின் கேள்வியை விடக் கறாரான அளவுகோல் இன்னும் அகப்படவில்லை. கேமரா யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் போதும், பாதி தெரிந்துவிடும்.

எங்கள் தொழிலில் நடப்பதைச் சொல்கிறேன். தாலி கட்டும் நேரத்தில் நாத்தனார் கை மாப்பிள்ளையின் கையை மறைக்கும். அட்சதை போடுகிற ஆர்வத்தில் ஒரு பெரியப்பா கேமராவுக்கும் மணமேடைக்கும் நடுவில் வந்து நிற்பார். கெட்டிமேளம் கொட்டுவது கொஞ்ச நேரம்தான், போனது போனதுதான். பந்தி முடிந்து கூட்டம் கலைந்ததும் மெதுவாகப் போய், “அண்ணா, தாலிய ஒருக்கா கையில புடிச்சு, கட்டற மாதிரி வச்சுக்கங்க” என்போம். அவரும் வைப்பார். ஆல்பத்தில் நடுப்பக்கத்தில் ஒளிவீசும் அந்தப் படத்தில் பொண்ணு முகத்தில் இருப்பது மதியச் சாப்பாடு சாப்பிட்ட நிம்மதி. கல்யாணம் நிஜம், தாலி நிஜம், அந்த நொடி மட்டும் இரண்டாவது. இதை யாரும் மோசடி என்று சொல்லிக் காசைப் பிடித்ததில்லை.

ஆகவே 2007-ல் கிரில்ஸைப் பற்றி வந்த செய்திகளைப் பின்னாளில் படித்தபோது எனக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. அந்த நிகழ்ச்சியில் ஆலோசகராக இருந்த ஒருவரே பிரிட்டிஷ் பத்திரிகையிடம் விஷயத்தை உடைத்தார். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் படம் எடுத்தபோது கிரில்ஸ் சில ராத்திரிகள் ஓட்டலில்தான் தங்கினார். ஆளில்லாத் தீவில் அவர் கட்டியதாகக் காட்டிய தெப்பத்தைக் குழுவினர் முன்கூட்டியே கட்டிப் பார்த்துப் பிரித்து வைத்திருந்தார்கள். காட்டுக் குதிரைகள் என்று காட்டியவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த பழகிய குதிரைகள். இவைதான் அவர் சொன்னவை. பிரிட்டனில் அதை ஒளிபரப்பிய சேனல் 4 தொடரை நிறுத்திவைத்தது. டிஸ்கவரி பழைய எபிசோடுகளில் கைவைத்தது. கிரில்ஸ் வருத்தம் தெரிவித்தார். அதற்குப் பிறகுதான், உயிருக்கு ஆபத்தான இடங்களில் அவருக்கும் குழுவுக்கும் உதவி உண்டு, சில சூழ்நிலைகள் செய்துகாட்டுவதற்காக ஏற்பாடு செய்யப்பட்டவை என்று ஆரம்பத்தில் எழுத்துப் போட ஆரம்பித்தார்கள்.

தெப்பத்தைக் கட்டிப் பார்த்தது எனக்குத் தப்பாகவே படவில்லை. ஆள் ஏறிக் கடலில் போகப்போகிற தெப்பம் மிதக்குமா என்று பார்க்காமல் எந்தத் தயாரிப்பு மேனேஜரும் கையெழுத்துப் போடமாட்டார். குதிரைதான் கொஞ்சம் ஓவர்.

கிரில்ஸ் ஆள் ஒன்றும் டுபாக்கூர் இல்லை. பிரிட்டன் ராணுவத்தின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ்.ஸின் ரிசர்வ் பிரிவில் இருந்தவர். 1996-ல் பாராசூட் சரியாக விரியாமல் விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டு, 1998-ல் எவரெஸ்ட் ஏறியவர். எனக்கு அவரோடு உள்ள சண்டை வேறு. காட்டில் வழி தப்பினால் செய்யவேண்டியதாக அனுபவசாலிகள் சொல்லும் முதல் பாடம், தேடி வருகிறவர்கள் கண்ணில் படும்படி இருந்த இடத்திலேயே இரு என்பது. கிரில்ஸ் ஓடுகிறார், குதிக்கிறார், அருவிக்குள் இறங்குகிறார். தாகம் எடுத்தால் சிறுநீரைக் குடிக்கிறார். அமெரிக்க ராணுவத்தின் கையேடு அதைக் குடிக்கவே கூடாதவற்றின் பட்டியலில் கடல்நீரோடு சேர்த்து வைத்திருக்கிறது. உப்பை வெளியே தள்ள உடம்பு படாதபாடு படும்போது அதே உப்பைத் திருப்பி உள்ளே அனுப்புவதில் என்ன லாபம்? ஆனால் ஒரு மனுஷன் நிழலில் உட்கார்ந்து விசில் ஊதிக்கொண்டிருப்பதை எந்தச் சேனல் 40 நிமிஷம் காட்டும்?

கிரில்ஸோடு தலைவர் வந்த எபிசோடைச் சொல்லாமல் விட்டால் ஊரில் சோறு கிடைக்காது. 2020 ஜனவரியில் பந்திப்பூரில் எடுத்து, மார்ச் 23-ம் தேதி ஒளிபரப்பினார்கள். முந்தின நாள் ஊரடங்கு ஒத்திகை, இரண்டு நாள் கழித்து நாடு முழுக்கப் பூட்டு. எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்த நேரத்தில் ரஜினி காட்டுக்குள் போனார். படப்பிடிப்பில் அடிபட்டுவிட்டது என்று செய்தி பரவி, அவரே விமான நிலையத்தில் நின்று அதெல்லாம் இல்லை, முள் கீறியதுதான் என்று சொல்லவேண்டி வந்தது. வீட்டில் விசில். எனக்கு மட்டும் கண் பிரேமுக்கு வெளியே போய்விட்டது. பிரேமுக்கு மேலே எத்தனை பேர் கயிற்றைப் பிடித்திருப்பார்கள், வனத்துறை ஆட்கள் எந்தப் புதருக்குப் பின்னால் நிற்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி.

கார்பெட் காட்டில் எடுத்து, அதற்கு முந்தின வருடம் ஆகஸ்டில் ஒளிபரப்பிய எபிசோடில் பிரதமர் மோடி இந்தியில் பேச, கிரில்ஸ் உடனுக்குடன் புரிந்து ஆங்கிலத்தில் பதில் சொல்வார். அதெப்படி என்று ஊரே கேட்டது. கிரில்ஸின் காதில் வயரில்லாத சின்னக் கருவி இருந்தது, மொழிபெயர்ப்பு அதில் உடனே வந்துகொண்டிருந்தது என்று மோடியே பிறகு வானொலியில் விளக்கினார். ஆக, திரையில் இரண்டு பேர், காட்டில் குறைந்தது மூன்றாவதாக ஒரு குரல். மறைக்காமல் சொன்னார், அது வரைக்கும் நல்லது.

‘சர்வைவர்’ வகையறா பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. 2021-ல் ஜீ தமிழில் அர்ஜுன் நடத்த, சான்சிபாரில் காடர்கள், வேடர்கள் என்று பிரிந்து மோதி, விஜயலட்சுமி 1 கோடி ஜெயித்ததை நம் வீடுகளில் பார்த்தோம். அது தீவில் நடக்கும் கபடி. காடு அங்கே மண்டபம் மாதிரி, வாடகைக்கு எடுத்த இடம். அமெரிக்க மூலத்தின் தயாரிப்பாளர் மார்க் பர்னெட், போட்டிக் காட்சிகள் சிலவற்றைப் பின்னால் மாற்று ஆட்களை வைத்து மறுபடி எடுத்ததை 2001-லேயே ஒப்புக்கொண்டுவிட்டார். மேலேயிருந்து எடுக்கும்போது கீழே நிற்கும் கேமராக்காரர்கள் பிரேமில் விழுவார்களாம். அடடா, நம்ம பெரியப்பா!

பொய் என்றே சொல்லத்தக்க வகை ஒன்று இருக்கிறது. அது போட்டி இல்லை, சாகசம் இல்லை, ‘இதுதான் எங்கள் வாழ்க்கை’ என்று சொல்லிக்கொள்வது. 2014-ல் டிஸ்கவரியில் ‘அலாஸ்கன் புஷ் பீப்பிள்’ தொடங்கியபோது, பில்லி பிரவுனின் குடும்பம் ஊர் உலகத்தை விட்டு அலாஸ்காக் காட்டில் ஒதுங்கி வாழ்வதாகக் காட்டினார்கள். அலாஸ்காவில் எண்ணெய் வருமானத்திலிருந்து வருடா வருடம் குடியிருப்போர் ஒவ்வொருவருக்கும் அரசு ஒரு தொகை கொடுக்கும். நம் பொங்கல் பரிசு மாதிரி, ஆனால் நிறையப் பெரியது. அதற்கு உண்மையிலேயே அங்கே குடியிருக்க வேண்டும். 2009 முதல் 2012 வரையிலான காலத்தில் அங்கே இல்லாமலே இருந்ததாகப் பொய்யாக விண்ணப்பம் எழுதியதை பில்லியும் ஒரு மகனும் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்கள். 2016 ஜனவரியில் 30 நாள் தண்டனை, மின்னணுக் கண்காணிப்பில். காட்டைவிட்டு வெளியே வராத குடும்பம் மாட்டிக்கொண்டது காட்டில் இல்லாததற்காக. இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் ரொம்ப மிகை என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

சரி, கேமராவைப் பிழைக்கிறவன் கையிலேயே கொடுத்துவிட்டால்?

கனடாக்காரர் லெஸ் ஸ்ட்ராவுட் அதைத்தான் செய்தார். அவருடைய ‘சர்வைவர்மேன்’ தொடரில் ஒரு வாரம் தனியாக இருந்து, தானே படம் பிடிப்பார். அதில் அவர் ஒரு பனிவெளியில் நடந்து நடந்து புள்ளியாகிற மாதிரி ஒரு ஷாட் வந்தால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். கேமராவை முக்காலியில் நிறுத்தி, ரெக்கார்ட் போட்டு, கண்ணுக்கு எட்டாத தூரம் வரை நடந்து, திரும்பி வந்து கேமராவை எடுத்துக்கொண்டு மறுபடி அதே தூரம் நடக்க வேண்டும். ஒரே தூரம், மூன்று நடை, வயிற்றில் ஒன்றுமில்லாமல். பார்க்கிறவனுக்கு அது நாலு நொடி. கல்யாண மண்டபத்தில் நாலு பக்கம் ஓடி எடுத்துவிட்டு மத்தியானம் மயக்கம் வரும் எனக்கு, அந்த நாலு நொடியின் விலை தெரியும்.

அதே வழியில் வந்ததுதான் 2015-ல் ஹிஸ்டரி சேனல் தொடங்கிய ‘அலோன்’. 10 பேர், ஆளுக்கு 10 பொருள், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத தூரத்தில் இறக்கிவிடுவார்கள். கேமரா அவரவர் கையில். கடைசி வரை தாங்குகிறவருக்கு 5 லட்சம் டாலர். முடியவில்லையா, சாட்டிலைட் போனை எடுத்து அழுத்தினால் படகு வரும். முதல் சீசன் கனடாவின் வான்கூவர் தீவில். அங்கே முதல் ராத்திரியே கரடிக்குப் பயந்து ஒருவர் போனை எடுத்துவிட்டார். ஜெயித்தவர் இருந்தது 56 நாள்.

இதை அப்பாவுக்கு என் போனில் போட்டுக் காட்டினேன். தமிழ் டப்பிங் இல்லை, ஒரு வார்த்தை புரியாது. மழை கொட்டுகிறது, தார்ப்பாய்க்கு அடியில் ஒரு ஆள் குச்சியைச் சீவிக்கொண்டே இருக்கிறார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இவன் நெசம்” என்றார்.

“எப்படிங்கப்பா சொல்றீங்க?”

“சும்மா உக்காந்திருக்கான் பாரு.”

‘அலோன்’ ஆட்களுக்கு உண்மையான எதிரி கரடியில்லை, தராசு. அவ்வப்போது மருத்துவக் குழு வந்து எடை போடும். மூன்றாவது சீசன் அர்ஜென்டினாவின் படகோனியாவில் நடந்தபோது, கடைசி இருவரில் ஒருவராக 86 நாள் தாக்குப்பிடித்த பெண்ணை, உயரத்துக்குத் தக்க எடை அளவு (பி.எம்.ஐ.) 17-க்குக் கீழே போய்விட்டது என்று மருத்துவர்கள் வெளியே எடுத்தார்கள். அவராக விடவில்லை. ஜெயித்த ஸகரி ஃபவுலர் 87-வது நாள் வெளியே வந்தபோது 30 கிலோவுக்கு மேல் இளைத்திருந்தார். வெளிச்சத்தை மாற்றலாம், பின்னணி இசையால் புல்லைப் புலியாக்கலாம். கன்னத்து எலும்பை எடிட்டிங்கில் கொண்டுவர முடியாது. அந்த மேஜை எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் அங்கே புரிந்தது. கிரில்ஸ் சொல்லிச் சொல்லி நமக்கெல்லாம் மனப்பாடமான அந்தப் புரோட்டீன் இருக்கிறதே, அதுமட்டும் போதாது. கொழுப்பில்லாத முயல் கறியை மட்டுமே தின்று நாள் தள்ளினால் வயிறு நிறைந்தும் உடம்பு வாடும், போகப்போக உயிருக்கே ஆபத்து. காட்டில் தேடவேண்டியது கொழுப்பு. அதனால் போட்டிக்கு வருமுன் தின்று தின்று எடையேற்றிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. கனடாவின் கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையில் நடந்த ஏழாவது சீசனில் 100 நாள் கழித்து 10 லட்சம் டாலரை வாங்கிய ரோலண்ட் வெல்கர், குளிர்ப் பிரதேசத்துக் கஸ்தூரி எருது ஒன்றையே வீழ்த்தினார். இதையெல்லாம் சொன்னதும் அப்பா, “அப்பக் கொழுப்பெடுத்தவன்தான் செயிப்பான்னு சொல்லு” என்றார்.

அதற்காக ‘அலோன்’ முழுக்க நிஜம் என்று சத்தியம் செய்யமாட்டேன். வேட்டைக்கு அங்கத்திச் சட்டம் உண்டு, நினைத்ததை நினைத்தபோது வேட்டையாட முடியாது. அவரவருக்குக் குறித்துக் கொடுத்த எல்லை உண்டு. எல்லாவற்றுக்கும் மேல் கத்திரி உண்டு. 100 நாளை, அதுவும் 10 பேருடையதை, பத்துச் சொச்சம் எபிசோடுக்குள் அடைக்கும்போது காணாமல் போவது ஒன்றே ஒன்றுதான், நேரம். மீன் சிக்காத பதினோரு நாள், “பதினோராவது நாள்” என்ற எழுத்தாகிவிடும்.

கத்திரி பிடித்த கை என்கிற முறையில் என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு யூடியூப் சேனலுக்காகக் கேமராவுக்குப் போனேன். தலைப்பு, ‘அடர்ந்த காட்டில் 24 மணி நேரம்’. இடம், வாய்க்கால் ஓரம் ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்காரர் வீட்டு மோட்டார் சத்தம் விழாத மூலையாகப் பார்த்து முக்காலி போட்டோம். மாலை 4 மணிக்கு ஆரம்பித்து ராத்திரி ஒன்பதரைக்கு மூட்டை கட்டியாயிற்று. நடுவில் புரோட்டா பார்சல். விடியற்காலைக் காட்சி என்று நீங்கள் பார்த்தது சாயங்காலம் ஐந்தரை மணி, நிறத்தைக் கொஞ்சம் நீலத்துக்குத் தள்ளியது. பாம்பு சத்தம் இணையத்திலிருந்து இறக்கியது. அந்தத் தம்பி கடைசியில் கேமராவைப் பார்த்துக் கண் கலங்கினார் பாருங்கள், நான் வ்யூஃபைண்டருக்குப் பின்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். கொசுவர்த்திப் புகை கண்ணில் பட்டது அப்படி. சம்பளம் 4,500 ரூபாய், அன்றைக்கே கைக்கு வந்தது. புகார் ஒன்றுமில்லை.

பார்க்கிற ஆளே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 2016 மார்ச்சில் சேனல் 4, ஸ்காட்லாந்தின் ஆர்ட்னமர்கன் பகுதியில் 23 பேரை ஒரு வருடம் தாங்களே பயிரிட்டுப் பிழைக்கும்படி விட்டது. நிகழ்ச்சிக்குப் பெயர் ‘ஈடன்’. நாலு எபிசோடு ஒளிபரப்பினார்கள், பார்க்க ஆளில்லை, நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலக ஓட்டுப் போட்டது, ட்ரம்ப் ஜனாதிபதியானார், இவர்கள் கிழங்குக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். 2017 மார்ச்சில் வெளியே வரும்போது மிச்சம் 10 பேர். தங்களை மாதக்கணக்கில் யாருமே பார்க்கவில்லை என்று யாரோ ஒருவர் அவர்களிடம் எடுத்துச் சொல்லியிருப்பார் இல்லையா, அந்த முகத்தை நினைத்துப் பார்ப்பேன். அந்த நிமிஷத்தைப் படம் பிடித்தார்களா என்றும் நினைப்பேன்.

எங்கள் காடு சத்தியமங்கலத்துக்கு வடக்கே, மலை அடிவாரத்தில். காடு என்றால் எங்கள் பக்கம் வெள்ளாமைக் காடு. மக்காச்சோளம் பால் பிடிக்கும் சமயம் பன்றி வரும், சில வருடம் யானையும் இறங்கும். அப்பா முப்பது வருடமாக ராத்திரிக் காவலுக்குச் சாளையில் படுக்கிறவர். போன போகத்தில் நானும் ஒருநாள் கேமராவோடு போனேன். நல்ல லென்ஸ், இருட்டுக்கென்று வாங்கியது. நாலு பேட்டரி.

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். தகர டப்பாவும் குச்சியும் ஒரு பக்கம், டார்ச் லைட் ஒரு பக்கம். ஒன்பது மணிக்குப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பத்தரைக்கு ஒருதரம் டப்பாவைத் தட்டினார். “ஏனுங்கப்பா, ஏதாச்சும் சத்தம் கேட்டுதுங்களா?” என்றேன். “இல்ல, தட்டி நேரமாச்சு” என்றார். பன்னிரண்டுக்கு ஒரு வெற்றிலை. இரண்டு மணிக்கு எழுந்து வேலி வரைக்கும் டார்ச் அடித்துப் போய்வந்தார். நான் எப்போது தூங்கினேன் என்று தெரியாது. நாலு மணிவாக்கில் மேற்குப் பக்கம் பன்றி இறங்கி, அவர் கத்தி, பட்டாசு போட்டு விரட்டி, திரும்பி வந்து படுத்தும் விட்டார். நான் எழுந்தது ஆறு மணிக்கு. இரண்டு வரிசைச் சோளம் சாய்ந்து கிடந்தது. கார்டில் ஆறு மணி நேரம் இருந்தது. எல்லாம் இருட்டு, ஒரு முதுகு, சில்வண்டு.

சும்மா விட மனசு வரவில்லை. ஊருக்கு வந்து மூன்று நிமிஷமாக வெட்டினேன். டார்ச் வெளிச்சம் வேலியில் ஓடுகிற இடம், அவர் சட்டென்று தலையைத் திருப்புகிற இடம் (கொசு கடித்ததற்குத் திருப்பியது), டப்பா சத்தம், காலையில் எடுத்த சாய்ந்த சோளம். நடுவில் பன்றி உறுமல், அந்தப் பாம்பு சத்தம் இறக்கிய அதே இடத்திலிருந்து. அடியில் கொஞ்சம் உடுக்கை. சொல்லக்கூடாது, அருமையாக வந்திருந்தது. பார்த்தவன் ஒவ்வொருவனும் மயிர்க்கூச்செறிந்தது என்றான்.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டு அப்பாவுக்குக் காட்டினேன். கடைசி வரை கண்ணெடுக்காமல் பார்த்தார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“நல்லா இருக்குது கண்ணு. இது எந்த ராத்திரி?”